அரைப்பேர்

அட்டனில் மழை பிடித்தால்
பஸ் வரும்வரை கடைக்குள் ஒதுங்குகிறவர்கள்
பேனை வாங்க வந்தவர்கள்போலப் பேனை பார்ப்பார்கள்.
ஜவ்பர் முதலாளிக்கு அது தெரியும்.
"எழுதிப் பாக்கட்டும். ஒரு வரிக்கு மேல விடாதே."

கண்ணாடிப் பெட்டியின்மேல்
கட்டித் தொங்கவிட்ட வெள்ளைத் தாள் என் பொறுப்பு.
பக்கத்தில் பன்னிரண்டு நிறத்தில் ஜெல் பேனைகள்,
ரப்பர் பட்டி போட்ட ரீஃபில் கட்டுகள்.
தாள் நிறைய மூன்று நாள் எடுக்கும்.
தோட்டத்தில் சம்பளம் போட்டால் ஒரே நாள்.

முதலில் எல்லாரும் வட்டம்தான் போடுகிறார்கள்,
சுருள் சுருளாய், முள்ளுக்கம்பி மாதிரி.
பிறகு கையொப்பம்.
கொட்டகலை டியூசன் சேர் ஒருவர்
பதினொரு நிறத்திலும் "வெற்றி நிச்சயம்" எழுதிப் பார்த்து
கறுப்பை வாங்கிப் போவார்.
ஒரு பொடியன் ரோஸ் நிறத்தில்
யாரோ ஒருத்தியின் பெயரை எழுதிவிட்டு
பயந்துபோய் அதன்மேல் மீன் வரைந்தான்.
மீனுக்குள் அவள் இன்னும் தெரிகிறாள்.
இன்னொருவர் கடன் கணக்குப் போட்டார், சிவப்பில்.
கழித்துப் பார்த்தேன், பிழை.
சொல்லவில்லை.

தவமலர் வந்தது ஐப்பசியில்.
தலையில் உரப்பை, நெஞ்சோடு
நனையாத ஒரு சீ.ஆர். கொப்பி.
ஊதாவை எடுத்தாள். வட்டமெல்லாம் போடவில்லை.
நேரே பெயரை எழுதினாள்:
தவ
அதோடு மை நின்றது.

உதறினாள். வாயால் ஊதினாள்.
உள்ளங்கைக்குள் உருட்டிச் சூடாக்கினாள்.
பிறகு சிரித்துவிட்டாள்.
"இங்கயுமா அரைப்பேரு?"

லயத்தில் பிறந்தவளுக்கு
அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.
கொழுந்து கிலோ குறைந்தால்
செக்ரோலில் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும்.
காலையில் பெரட்டில் முழு ஆள்,
பின்னேரம் தராசடியில் பாதி.
என் அம்மாவுக்கு ஒரு மார்ச் மாதம்
முழுக்க அரையாகவே போனது.

ஊதா ரீஃபில் கையிருப்பில் இல்லை.
பச்சையைப் போட்டுக் கொடுத்தேன்.
விட்ட இடத்திலிருந்து எழுதினாள்:
மலர்
இரண்டு நிறத்தில் தன் பெயரைப் பார்த்தபடி நின்றாள்.
பஸ் ஹோர்ன் அடித்தது. அசையவில்லை.

"கணக்கப்பிள்ள எல்லாத்தையும் ஒரே நீலத்துல எழுதுறாரு.
மாசக் கடைசியில எது எதுன்னு தெரியுதில்ல.
பச்சை முழுப்பேருக்கு வச்சுக்கிறேன்.
ஊதா வந்தா ஒண்ணு எடுத்து வைங்க, அது அரைக்கு."

பேனை ஒன்று, குழாய் இரண்டு.
அடுத்த சம்பளத்தில் ஊதாவும் வாங்கிப்போனாள்.

தைப்பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை,
அரிசி பையைக் காலடியில் இறக்கிவிட்டு
இரண்டு குழாயையும் கண்ணாடிமேல் வைத்தாள்.
பச்சை கழுத்துவரை இருந்தது.
ஊதாவின் வழியாகக்
கீழே கிடந்த அடிமட்டத்தின் இலக்கம் தெரிந்தது.

"ஊதாவுல மை கொறவா ஊத்துவாங்களா?"

"எல்லாத்துலயும் ஒரே அளவுதான் பிள்ள,"
முதலாளி மிச்சக் காசை எண்ணியபடியே சொன்னார்.

தவமலர் கொப்பியை விரித்தாள்.
பச்சையில் வெறும் இலக்கங்கள். இருபத்திரண்டு. இருபத்தொன்று.
ஊதாவில் நாலு வரி, ஆறு வரி:
சின்னவளுக்குக் காய்ச்சல். காடேறிய மலை,
புல்லுக்குள்ளே கொழுந்தைத் தேட வேண்டியிருந்தது.
அட்டை கடித்த கால். மருந்துக்காரர் வரவில்லை.
"முழுப்பேருக்குக் காரணம் யாரும் கேக்கிறதில்ல," என்றாள்.

புது ஊதா இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.
ஒன்றைப் போட்டுத் தாளில் எழுதிப் பார்த்தாள்.
தவமலர். ஒரே நிறத்தில், முழுதாக.
கையை எடுக்கவில்லை.
அதன் கீழே:
தண்ணிக்கழிவு மூன்று கிலோ.
மழை இல்லாத நாள்.

முதலாளி நிமிர்ந்தார்.
இரண்டாவது வரியைப் படித்தார்,
பிறகு வாசலுக்குப் போய்
வெயிலில் நின்ற பஸ்ஸின் போர்டை
நிறைய நேரம் வாசித்துக்கொண்டிருந்தார்.
அவள் மூன்றாவது வரியில் இருந்தாள்.